பக்கத்துக் காம்பராவில் கொப்புளிப்பான், உங்கள் கையில் ஸ்டீரொய்ட் குளிசை

உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவ பக்கத்துத் தோட்டங்களில் லயக் காம்பராக்கள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் கொப்புளிப்பான் கண்டால் அடுத்த வீட்டுக்கும் வரும். பெரும்பாலான பிள்ளைகள் பத்து நாளில் எழுந்து ஓடிவிடுவார்கள். ஆனால் சிறுநீரக வருத்தத்துக்கோ, லூபஸுக்கோ, மூட்டுவாதத்துக்கோ பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குடிப்பவரின் உடலில் எதிர்ப்புச் சக்தி அடங்கிக் கிடக்கிறது. அவருக்குக் கிருமி தோலோடு நிற்காமல் நுரையீரல், ஈரல், மூளை வரை இறங்கலாம்.

முதலில் குளிசைக் கணக்கைப் பாருங்கள். வளர்ந்தவர் நாளுக்கு 20 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் குளிசை நான்கோ அதற்கு மேலோ, இரண்டு வாரம் எடுத்திருந்தால் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறார். பிள்ளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். நிறுத்தி மூன்று மாதம் ஆகாவிட்டாலும் சேர்த்தி. வழக்கமான அளவில் இழுப்புக்கு அடிக்கும் பம்ப், தோலுக்குப் பூசும் களிம்பு இந்தக் கணக்கில் வராது.

அடுத்து, முன்பு கொப்புளிப்பான் வந்ததா என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். நம்மைப்போன்ற வெப்பநாடுகளில் அது வராமலே வளர்ந்தவர்கள் நிறையப்பேர். வயது காவல் ஆகாது. நிச்சயமில்லை என்றால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கலாம்.

மூன்றாவது வேலையைத்தான் அநேகர் தவறவிடுகிறார்கள்: தேதியைக் குறிப்பது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடும். ஆகவே அந்தப் பிள்ளையோடு அந்த இரண்டு நாளில் ஒரே அறையில் இருந்திருந்தாலும் அதுவே உங்கள் முதல் நாள். அதிலிருந்து 10 முதல் 21 நாளுக்குள் உங்களுக்கு வரக்கூடும். கொப்புளத்துக்காகக் காத்திருந்தால் தடுக்கும் காலம் கையை விட்டுப் போய்விடும்.

அன்றைக்கே கிளினிக் கொப்பியோடு மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, உங்கள் கிளினிக் நடக்கும் இடத்துக்கோ போங்கள். “ஸ்டீரொய்ட் குடிக்கிறேன், கொப்புளிப்பான்காரரோடு இருந்தேன்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எதிர்ப்பொருள் ஊசி கிடைத்தால் நான்கு நாளுக்குள் போடுவது நல்லது. பத்து நாள் வரை பயனுண்டு. இல்லையென்றால் ஏழாம் நாளிலிருந்து ஒரு வாரம் அசைக்ளோவிர் குளிசை கொடுப்பதும் வழக்கம். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு மாறும்; கடையில் நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம்.

பயத்தில் ஸ்டீரொய்டைச் சட்டென்று நிறுத்துவது இன்னொரு கண்டம். பல வாரம் வெளியிலிருந்து மருந்து வந்ததில், சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். காய்ச்சல் நேரத்தில் மருந்தும் இல்லாமல் போனால் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கிப்போகலாம். கூட்டுவதும் குறைப்பதும் டொக்டரின் வேலை.

காய்ச்சல், கொப்புளம், மூச்சு வாங்கல் எது வந்தாலும் நேரே வார்டுக்குப் போக வேண்டும். கொப்புளம் வருமுன்னே தாங்கமுடியாத வயிற்றுவலி அல்லது முதுகுவலி வருவதும் உண்டு. உள்ளுறுப்பில் நோய் இறங்கியதன் அடையாளம் அது. அசைக்ளோவிரை எட்டு மணிக்கொருமுறை நரம்பில் ஏற்றுவார்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் போதும். டிஸ்பிரினும் இபுபுரொபெனும் வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே கொப்புளிப்பான் என்று சொல்லிவிடுங்கள், வரிசையில் கர்ப்பிணிகளும் நிற்பார்கள்.

முத்துமாரியம்மன் தேர் ஓடும் ஊரில் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. அம்மா வந்திருக்கிறாள், தண்ணீர் ஊற்றும்வரை மருந்து கூடாது என்று வீட்டோடு வைத்திருக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வேப்பிலை கட்டுங்கள், வேண்டுதலும் வையுங்கள். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஸ்டீரொய்ட் குடிப்பவரை அந்த நாட்களுக்காகக் காத்திருக்க வைப்பது உயிரோடு விளையாடுவது. கொப்புளிப்பான் இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய் என்பதால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) விசாரிக்க வந்தால் லயத்தில் யார் யார் இப்படி மருந்து எடுக்கிறார்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

கொப்புளிப்பான் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமி. அதிக அளவு ஸ்டீரொய்ட் எடுக்கும்போது அதைப் போடக்கூடாது. நிறுத்திக் குறைந்தது ஒரு மாதமாவது போகட்டும். கொப்புளிப்பான் வராத வீட்டார் தாமதிக்கத் தேவையில்லை. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.