சொன்னபடி வால்வு திறந்ததா?

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில் ஹெப்பகோடி இருக்கிறது. சுற்றிலும் தொழிற்சாலைகள். 1978இல் தொடங்கிய பயோகான் மருந்து நிறுவனத்தின் வளாகம் இங்கே உண்டு. 2025இல் இந்த ஊருக்கு மெட்ரோ ரயிலும் வந்தது.

இட்லி மாவு இரவில் பொங்குகிறது. அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் வேலை. அவற்றைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து மருந்தும் செய்யலாம். பயோகான் 2004இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இன்சுலின், ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைக் கொண்டு செய்தது. இன்சுலின் சர்க்கரை நோய்க்கான மருந்து.

இப்படிப்பட்ட தொட்டியை முதலில் நீராவியால் சுத்தம் செய்வார்கள். பிறகு நுண்ணுயிர்கள் வளரும்போது சூடு உண்டாகும். அதைத் தணிக்கக் குளிர்நீர் ஓட வேண்டும். நீராவியையும் நீரையும் அளவோடு விடுவது வால்வு. அளவு தவறினால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். பல நாள் உழைப்பு வீணாகும்.

காற்றின் வேலை

இந்த வால்வைக் கையால் திருகுவதில்லை. அழுத்தப்பட்ட காற்று திறக்கிறது. வால்வின் தலையில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் ரப்பர் திரையும் ஸ்பிரிங்கும் இருக்கும். காற்று திரையைத் தள்ளும். திரை தண்டை நகர்த்தும். காற்று நின்றால் ஸ்பிரிங் தண்டைத் திருப்பித் தள்ளும்.

காற்று நின்றால் நீராவி வால்வு மூடிக்கொள்வது நல்லது. குளிர்நீர் வால்வு திறந்துகொள்வது நல்லது. ஆபத்து வராதபடி பார்த்து வால்வைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பொசிஷனர் எதற்கு?

மேஸ்திரி வேலையைச் சொன்னால் மட்டும் போதுமா? நடந்ததா என்று பார்க்க வேண்டாமா? அப்படிப் பார்க்கும் கருவிதான் பொசிஷனர். அதற்கு இரண்டு காற்றுக் குழாய்கள் வரும். ஒன்றில் கட்டளைக் காற்று. மற்றதில் வேலைக் காற்று. பொசிஷனரின் கை தண்டோடு இணைந்திருக்கும். தண்டு போதுமான அளவு நகரவில்லை என்றால், பொசிஷனர் இன்னும் காற்று கொடுக்கும்.

பொருத்துவது

முதலில் கட்டுப்பாட்டு அறையில் சொல்லி அனுமதி பெற வேண்டும். நீராவிக் குழாயை அடைக்க வேண்டும். காற்றை நிறுத்தி, உள்ளே தங்கிய காற்றையும் வெளியேற்ற வேண்டும். தண்டின் அருகே விரலை வைக்கக் கூடாது. அது திடீரென நகர்ந்தால் விரல் நசுங்கும்.

பொசிஷனரைத் தாங்கும் பிராக்கெட் ஆடக் கூடாது. வால்வு பாதி திறந்திருக்கும்போது பொசிஷனரின் கை தண்டுக்குக் குறுக்காக நேராக இருக்க வேண்டும். குழாயை மாட்டும் முன் காற்றை ஊதித் தூசியைப் போக்க வேண்டும்.

அளவு சரிசெய்வது

காற்று வந்தால் திறக்கும் நீராவி வால்வை எடுத்துக்கொள்வோம். கட்டளைக் காற்று 3 பவுண்டு இருக்கும்போது வால்வு முழுதும் மூட வேண்டும். 15 பவுண்டில் முழுதும் திறக்க வேண்டும். 9 பவுண்டில் பாதி திறக்க வேண்டும்.

முதலில் 3 பவுண்டு கொடுத்து மூடும் இடத்தைச் சரிசெய்கிறார்கள். பிறகு 15 கொடுத்துத் திறக்கும் அளவைச் சரிசெய்கிறார்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றது கொஞ்சம் மாறும். அதனால் மறுபடி 3, மறுபடி 15 என்று பார்க்க வேண்டும். கடைசியில் 6, 9, 12 பவுண்டுகளிலும் பார்க்க வேண்டும். ஏறும்போதும் பார்க்க வேண்டும், இறங்கும்போதும் பார்க்க வேண்டும்.

கோளாறு வந்தால்

வால்வு அசையவே இல்லையா? வேலைக் காற்று வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால், குமிழி வரும் இடத்தில் கசிவு.

மெதுவாக நகர்கிறதா? காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து சிறு துளைகள் அடைத்திருக்கலாம். வடிகட்டியில் தேங்கிய நீரைத் தினமும் வடிப்பது நல்லது.

மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறதா? பொசிஷனரின் கை தளர்ந்திருக்கலாம். தண்டைச் சுற்றிய பேக்கிங் அதிகமாக இறுகியிருக்கலாம்.

இன்று பல ஆலைகளில் கட்டளை மின்சாரமாக வருகிறது. அதன் அளவு 4 முதல் 20 மில்லி ஆம்பியர். பொத்தானை அழுத்தினால் தானே அளவைச் சரிசெய்துகொள்ளும் பொசிஷனரும் உண்டு. ஆனாலும் அறையில் உள்ள திரை "திறந்தது" என்று காட்டினால் மட்டும் போதாது. வால்வின் அருகே சென்று, தண்டு எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.