கயிறு தளரும் நொடி

கார்த்திகை தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில் குதிரைகளும் விலைக்கு நிற்கும். மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக் குதிரை என்று வகைவகையாக வரும். வாங்குகிறவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், பிறகு மயிர் சுழன்று வளர்ந்திருக்கும் சுழி பார்ப்பார். எந்தச் சுழி ராசி, எது வீட்டுக்கு ஆகாது என்று அதற்குப் பெரிய கணக்கே உண்டு. சுழியில் ஒன்றுமே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. 1995இல் விலங்குகளின் நடத்தையை ஆராயும் டெம்பிள் கிராண்டினின் குழுவினர் மாடுகளைக் கூண்டில் நிறுத்திக் கவனித்தார்கள். கண்மட்டத்துக்கு மேலே நெற்றிச் சுழி இருந்த மாடுகள் கூடுதலாகத் துள்ளின. ராசிக்கு அதில் சான்றில்லை, அது வேறு விஷயம்.

ஆனால் ஒரு குதிரை கடிக்கிறது, உதைக்கிறது, முன்னங்கால்களைத் தூக்கி நிமிர்கிறது என்றால், சுழியைவிட அதன் தலைக்கயிற்றை இதுவரை பிடித்தவர்களைப் பற்றித்தான் நான் முதலில் கேட்பேன்.

குதிரைக்குப் பழக்கம் வருவது பெரும்பாலும் இப்படித்தான்: கயிற்றை லேசாகப் பின்னுக்கு அழுத்துகிறோம். அந்த அழுத்தம் அதற்குத் தொந்தரவு. தலையை ஆட்டிப் பார்க்கும், பக்கவாட்டில் நகர்ந்து பார்க்கும், கடைசியில் ஓர் அடி பின்வாங்கும். அந்த நொடியே கயிறு தளர்ந்தால், பின்வாங்கினால் தொல்லை தீரும் என்று பதிகிறது. தளர்த்துவது சில நொடி தாமதித்தால், அப்போது அது செய்துகொண்டிருந்தது எதுவோ அதுவே பதியும். பாடம் இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. இப்போது, நிமிர்ந்து எழும் குதிரையைப் பார்த்து அரண்டுபோய் ஒருவர் கயிற்றை விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழும்பினால் விடுதலை என்பதை அது அன்றே கற்றுக்கொள்ளும். ‘அடங்காதது’ என்று பெயர் வாங்கிய குதிரைகளில் பல, நன்றாகப் படித்த மாணவர்கள்தான்.

மான்டி ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர் பிரபலமாக்கிய முறை ஒன்று உண்டு. வட்ட வேலிக்குள் குதிரையை ஓடவிடுவார். அது காதைத் திருப்பி, தலையைத் தாழ்த்தியதும் தான் விலகித் திரும்பி நிற்பார். குதிரை தானாக அவர் பின்னால் வரும். மந்தைத் தலைவனாக அவரை ஏற்றுக்கொண்டது என்று இதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மனிதருக்குப் பதிலாக ரிமோட்டில் ஓடும் காரை உள்ளே விட்டார்கள். குதிரை முகம் திருப்பினால் கார் துரத்தும், தன் பக்கம் திரும்பினால் நிற்கும். குதிரைகள் காரின் பக்கம் திரும்பக் கற்றுக்கொண்டன. பொம்மைக் காரை எந்தக் குதிரையும் தலைவனாக ஏற்றிருக்காது. துரத்தல் எப்போது நிற்கிறது என்பதைத்தான் அது கவனித்தது.

அப்படியானால் நம் முகத்துக்கும் மனநிலைக்கும் இடமே இல்லையா? இருக்கிறது. 2016இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் படங்களைக் காட்டினார்கள். கோப முகத்தைக் குதிரைகள் இடக்கண்ணால் அதிகம் பார்த்தன, இதயத் துடிப்பும் விரைவாக ஏறியது. இடக்கண் காண்பதை முக்கியமாகக் கையாள்வது மூளையின் வலப்பாதி, அச்சுறுத்தலைக் கவனிக்கும் பக்கம். கடுகடுத்த முகத்தோடு கயிற்றைத் தொடுகிறவர் பாடம் தொடங்கும் முன்பே குதிரையை மிரட்டிவிடுகிறார்.

அணுகும் திசையும் முக்கியம். பக்கவாட்டுக் கண்களால் குதிரை தன்னைச் சுற்றி ஏறத்தாழ 350 பாகை பார்க்கும். நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் மட்டும் அதற்குத் தெரியாது. அதனால் தோள்பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டே வர வேண்டும்.

சவாரிக்கு முன் தரையில் நின்றே செய்யும் பயிற்சி இவ்வளவுதான்: ஓரடி பின்னே, ஓரடி முன்னே, அசையாமல் நிற்பது. திருவிழா வெடிக்கும் கொடிக்கும் மிரளும் குதிரைக்கு, முதலில் தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை ஆட்டிக் காட்டலாம். அது அமைதியாக நிற்கையில்தான் தாளை அகற்ற வேண்டும், துள்ளுகையில் அல்ல.

பழைய பாடத்தை அழிப்பதுதான் கடினம். எழும்பியும் கயிறு தளராவிட்டால், குதிரை முதலில் இன்னும் உயரமாக எழும்பிப் பார்க்கும். பழக்குபவர் நீளக் கயிறோடு பக்கவாட்டில், காலுக்கு எட்டாத தூரத்தில் நிற்பது அதனால்தான். அன்று பயந்து கயிற்றை விட்டுவிட்டால் உயரமாக எழும்புவதே புதுப் பாடமாகிவிடும். உரிமையாளர் பக்குவமாகப் பழக்கி வைத்ததை, கொள்ளு வைக்க வரும் பையன் ஒரே ஒரு முறை பயந்து கயிற்றை நழுவவிட்டுக் கலைத்துவிடலாம். எனவே குதிரையோடு அவனுக்கும் பயிற்சி தேவை.