பிளைற் சிமுலேற்றரிற் பிற விமானங்கள்

விமானமோட்டப் பயில்வோர் நிலத்தை விட்டு எழாமலே பயிலுதற்குரிய பொறியொன்றை அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பார் 1929ஆம் ஆண்டில் ஆக்கினார். அவர்தம் தந்தையாரின் தொழிற்சாலையில் ஆர்கன் என்னும் இசைக்கருவி செய்யப்பட்டது. அக்கருவிக்குக் காற்றூட்டும் துருத்திகளே இப்பொறியைச் சாய்க்கவும் திருப்பவும் பயன்பட்டன. அதனுள் அமர்ந்தவன் வானில் தனியனாகவே இருந்தான். 1982இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட பிளைற் சிமுலேற்றரும் அதன் வழிவந்தனவும் இவ்வகைப் பறப்பை வீட்டு மேசைக்குக் கொணர்ந்தன. பின்னர் அத்தனிமை நீங்கிற்று. கணினியே ஓட்டும் பிற விமானங்கள் ஓடுபாதையருகே காத்து நிற்கவும், வரிசையாக வந்திறங்கவும், கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் உரையாடவும் தொடங்கின. இவற்றால் விளையும் தொல்லையையும் அதனை அடக்கும் முறையையும் ஈண்டு நோக்குவாம்.

உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலும் மாணவர் ஒருவர், விமானியாக வேண்டுமென்னும் வேட்கையுடையவர், ஒருநாள் என்னிடம் வந்தார். கடலின் மேலே செவ்வனே பறக்கும் தம் சிமுலேற்றர், பெரிய விமான நிலையமொன்றை அணுகியதும் திக்கித்திக்கி நகர்கின்றதென்றும், கணினி பழுதாகிவிட்டதென எண்ணிப் புதியதொன்று வாங்கித்தருமாறு தந்தையாரைக் கேட்டிருப்பதாகவுங் கூறினார். அவர் வீட்டு நிலைமையை நான் அறிவேன். ஆதலின், வாங்குமுன் அளந்து பார்ப்போம் என்றேன்.

திரையில் நாம் காணும் அசைவு, திரைப்படத்திற் போன்று, அடுத்தடுத்து வரும் அசையாப் படங்களின் தொடரேயாம். செக்கனுக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்துக்குக் கணினி பெறும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன், 30 போதுமெனின் 33.3 மில்லிசெக்கன். இச்சிறு பொழுதினுள் நம் விமானத்தின் இயக்கம், காற்று, நிலத்தோற்றம் யாவும் கணிக்கப்படல் வேண்டும். பிற விமானங்களின் வேலையும் இதே பொழுதினுள்ளேயே முடிதல் வேண்டும். அவ்வேலை சிறிதன்று. ஒவ்வொன்றும் எங்கே நிற்கின்றது, எவ்வழியாக ஓடுபாதையை அடைவது, முன்னிற்பது நகர்ந்ததா, இறங்க அனுமதி உண்டா என்றெல்லாம் கணினி ஆராய்கின்றது. ஒன்றோடொன்று மோதாதிருக்க இரண்டிரண்டாக ஒப்புநோக்கின், 20 விமானங்களுக்கு 190 சோடிகள். 100 விமானங்களுக்கோ 4,950 சோடிகள். விமானம் ஐந்து மடங்கு பெருக, சோடி இருபத்தாறு மடங்கு பெருகுகின்றது. நிரலாக்குநர் வெளியைக் கூறுகளாகப் பிரித்துத் தொலைவிலுள்ளவற்றை ஒப்பிடாது விடுவர் என்பது மெய்யே. ஆயின் விமான நிலையத்தில் யாவும் அருகருகே நிற்றலால், அவ்வுபாயம் வேண்டிய இடத்திலேயே வலுவிழக்கின்றது.

இக்காலக் கணினிகளிற் பல கருக்கள் உளவே, வேலையைப் பங்கிட்டாலென்ன என மாணவர் வினவினார். நல்ல வினா. இதற்கு விடையை ஜீன் அம்டால் 1967இலேயே கூறியுள்ளார். ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யவேண்டிய பகுதி முழுவேலையில் 60 வீதமாயின், எத்தனை கருக்களைச் சேர்த்தாலும் வேகம் 1.67 மடங்குக்கு மேல் ஏறாது. சிமுலேற்றரில் இத்தகைய வேலையின் பெரும்பங்கு முதன்மை இழையொன்றின் மீதே விழுகின்றது. பிற கருக்கள் அதன் முடிவுக்காகக் காத்திருக்கும். அவ்விழையே தடையாக இருக்குமிடத்து, விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டை வாங்குவது சமையல் தாமதமாகும் வீட்டிற் பந்தியிலைகளை மிகுதியாக விரிப்பதற்கு ஒப்பாகும்.

வரைதலிலும் சுமையுண்டு. பயில்பவர் ஓட்டுதற்கென ஆக்கிய விமானத்தின் உள்ளறை, ஆளிகள், மானிகள் யாவும் நுணுக்கமாக அமைந்திருக்கும். அதனையே தொலைவிற் புள்ளியாகத் தோன்றும் விமானத்துக்கும் வழங்குதல் வீண். பிற விமானங்களுக்கெனச் செய்யப்படும் நல்ல உருவங்கள், அருகே விரிவாகவும் தொலைவிற் சுருக்கமாகவும் பல படிகளில் அமைந்திருக்கும். மேற்பரப்பிற் போர்த்தும் வண்ணப்படமும் அவ்வாறே. 1024க்கு 1024 புள்ளிகள் கொண்ட படம் சுருக்கப்படாதவிடத்து 4 மெகாபைற் இடம் கொள்ளும். டிஎக்ஸ்ரி1 முறையிற் சுருக்கின் அரை மெகாபைற்றே. 2006இல் வெளிவந்த பிளைற் சிமுலேற்றர் எக்ஸ் 32 பிற் நிரலாதலின் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட நினைவகத்தைக் கையாள இயலாதது. பெருநிலையத்தில் நினைவகம் நிறைந்து, நீண்ட பறப்பின் இறுதியில் நிரல் நின்றுபோன துயரத்தைப் பலர் அறிவர்.

எக்ஸ்-பிளேன் என்னும் சிமுலேற்றரின் போக்கு வேறு. அது நெடுங்காலம் பிற விமானங்களையும் நம் விமானத்தைப் போன்றே முழு இயக்கவியலின்படி பறக்கவைத்தது. பௌதிகம் கற்பிக்கும் எனக்கு அந்நேர்மை உவப்பானது. ஆயினும் ஒவ்வொரு விமானத்தின் விலையும் அங்கே கூடுதல்.

இனி அளக்கும் முறை. நிலையம், நேரம், வானிலை, விமானம், நிற்குமிடம் என்பவற்றை மாற்றாது, பிற விமானங்களின் செறிவை மட்டும் சுழியம், பாதி, முழுமை என மாற்றி அளக்க. படங்களின் எண்ணிக்கையாலன்றி மில்லிசெக்கனாற் கணக்கிடுதல் நன்று. காரணம் யாதெனில், 10 மில்லிசெக்கன் சுமை சேர, 60 படங்கள் 37.5 ஆகும், 40 படங்களோ 28.6 ஆகும். முன்னதில் 22.5 படங்களும் பின்னதில் 11.4 படங்களும் இழப்பாகத் தோன்றினும், சுமை ஒன்றே. 2020இல் வெளிவந்த மைக்ரோசொப்ட் சிமுலேற்றரின் ஆக்குநர் நிலையில், தடை முதன்மை இழையிலா கிராபிக்ஸ் அட்டையிலா என்பதையுந் திரையிற் காணலாம்.

சுழியத்துக்கும் முழுமைக்கும் வேறுபாடு பெரிதாயின் நோய் இன்னதெனத் தெளிவாம். வண்டிகள், பணியாளர், வெறுமனே நிற்கும் விமானங்கள் என்பவற்றை முதலிற் குறைக்க. பறப்பவை அதன் பின்னரே. பொது உருவங்களைப் பயன்படுத்தும் தெரிவு இருப்பின் ஏற்க. கணினி எப்போதும் எட்டக்கூடிய ஓர் அளவில், 30 படங்கள் என்பது போல, எல்லை கட்டுக. 55க்கும் 25க்கும் இடையே ஊசலாடுவதிலும் சீரான 30 மேலானது என்பது என் துணிபு. 2001இல் தோன்றிய வற்சிம் வலையமைப்பிற் பிறவற்றை ஓட்டுவோர் மனிதரே. முடிவெடுக்கும் வேலை நம் கணினிக்கு இல்லை, வரையும் வேலை மட்டும் எஞ்சும்.

இஃது அழகு பற்றிய வழக்கன்று. திக்கல் நேருமிடம் இறங்குதளம். கை மிகவும் நுட்பமாக இயங்கவேண்டிய இடமும் அதுவே. நெம்பை அசைத்ததன் பயன் திரையிற் பிந்தித் தோன்றுமாயின், பயில்பவர் மேலும் அசைப்பார். இரண்டும் சேர்ந்து விமானம் மிகையாகச் சாயும். மீண்டும் மறுபுறம் இழுப்பார். அம்மாணவர் இறங்குகையில் இடமும் வலமும் ஆடியதைக் கண்டேன். வீட்டுக் கணினியிற் பறந்த மணித்தியாலங்கள் விமானியின் பதிவேட்டில் ஏறா. கையிற் படிந்த பழக்கமோ உடன்செல்லும்.

ஒரு மாலைப்பொழுது முழுதும் அவர் வீட்டிலிருந்து அளந்தோம். வண்டிகளை நீக்கி, விமானச் செறிவை மூன்றிலொன்றாக்கி, 30 படங்களுக்கு எல்லை கட்டியதும் அதே நிலையத்தில் அதே பழைய கணினி சீராக ஓடிற்று. இறங்குவதற்கு இப்போதும் அவருக்கு முன்னே இரு விமானங்கள் வரிசையில் நிற்கின்றன. அவருடைய ஆட்டம் ஒருநாளில் நீங்கவில்லை. மூன்று கிழமைகள் சென்றன.