திரையில் ஸலாஹுத்தீன்

முகப்பேரில் நண்பர் ஒருவரின் இல்லத்தில், 2005இல் வெளிவந்த ரிட்லி ஸ்காட்டின் ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’ திரைப்படத்தை அண்மையில் மீண்டும் கண்டோம். மூன்று மணி நேரத்தைத் தாண்டும் நீண்ட வடிவம் அது. சிரிய நடிகர் கஸ்ஸான் மஸ்ஊத், ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியாகத் தோன்றும்போதெல்லாம் கூடத்தில் பேச்சு அடங்கிற்று. வீழ்ந்து கிடந்த சிலுவையை அவர் எடுத்து மேசைமீது நிறுத்தியபோது நம் கண்கள் கலங்கியதை மறைப்பானேன்?

படம் முடிந்ததும், கல்லூரியில் பயிலும் நண்பரின் மகன், “எல்லாரையும் எதுவும் வாங்காமலா விட்டார்கள்?” என்று வினவினான். ஆம் என்று சொல்லிவிட நா துடித்தது.

வரலாறு அவ்வாறன்று. கொல்லனாகக் காட்டப்படும் பாலியன், உண்மையில் அம்மண்ணிலேயே வேரூன்றிய பிரபு. அது சிறு பிழை. பெரியது வேறு. ஹிஜ்ரி 583 ரஜப் 27 அன்று, அதாவது 1187 அக்டோபர் 2இல், பைத்துல் முகத்தஸ் சரணடைந்தபோது, ஆணுக்கு 10 தீனாரும் பெண்ணுக்கு 5 தீனாரும் மீட்புத்தொகையாக விதிக்கப்பட்டன. தவணை 40 நாள். செலுத்த இயலாத ஏழைகளுள் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாயினர்.

1099இல் சிலுவைப் படையினர் அந்நகரில் நிகழ்த்திய படுகொலையை அறிந்தோர்க்கு, இதுவும் பெருங்கருணையே. ஆனால் திரை காட்டும் கருணையன்று. ஸுல்தானின் சகோதரர் அல்ஆதில், அவ்வேழைகளுள் ஆயிரம் பேரைத் தமக்கெனக் கேட்டுப் பெற்று, உடனே விடுதலை செய்தார். இதனை எழுதி வைத்தது எதிர்த்தரப்பான பிராங்கியரின் வரலாற்று நூல் என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வளவையும் கேட்ட மாணவன், அல்ஆதில் படத்தில் எங்கே வருகிறார் என்று தேடத் தொடங்கினான்.