ஒரு கட்டளை, ஆயிரம் மேசைகள்

அலுவலகம் ஒன்றில் நூறு மேசைகள் இருக்குமானால், இந்நாளில் ஏறக்குறைய நூறு கணிப்பொறிகளும் அங்கே இருக்கும். ஒவ்வொரு பொறிக்கும் பல அமைப்புகள் உண்டு. கடவுச்சொல் எத்தனை எழுத்துக்களால் ஆனதாக இருத்தல் வேண்டும், எத்தனை நிமிடங்கள் கைபடாதிருப்பின் திரை தானே பூட்டிக்கொள்ளுதல் வேண்டும், எந்த மொழியின் விசைப்பலகை முதலில் தோன்றுதல் வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்கள் எப்பொழுது ஏற்றப்படுதல் வேண்டும் என்பன அவற்றுட் சில. இவற்றை நூறு பேரும் நூறு விதமாக வைத்துக்கொண்டால் என்ன நேரும்? பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நேராது. ஆகவேதான் இதனைப் பலரும் ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை.

ஆனால், இதன் விலையை உலகம் அறிந்த நாள் ஒன்று உண்டு. 2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, ‘வான்னாக்ரை’ என்னும் கெடுநிரல் கணிப்பொறிகளிடையே பரவத் தொடங்கியது. பொறியிலுள்ள கோப்புகளை எல்லாம் அது மறையெழுத்தாக மாற்றிப் பூட்டிவிடும். திறக்க வேண்டுமாயின் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் தருக என்று திரையில் அறிவிக்கும். சில நாட்களுக்குள் ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பொறிகள் அதற்கு இரையாயின. ஆந்திரப் பிரதேசத்தில் சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் ஆகிய மாவட்டங்களைச் சேர்ந்த 18 காவல் பிரிவுகளின் கணிப்பொறிகள் தாக்குண்டதாக மறுநாளே செய்தி வந்தது. திருப்பதி அக்காலத்தில் சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அடுத்த சில நாட்களில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிருவாகப் பணிக்கான கணிப்பொறிகள் சிலவும் தாக்குண்டன எனத் தெரிய வந்தது. நற்பேறாக, பக்தர்களுக்கான சீட்டு வழங்கும் பணி தடைப்படவில்லை.

இங்கே நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உளது. அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. இடையில் 59 நாட்கள் கிடைத்தன. திருத்தத்தை ஏற்றியிருந்த பொறிகளுள் வலைத்தொடர்பின் வழியே தானாகப் புகுதல் அந்நிரலுக்கு இயலவில்லை. 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய வகைகளுக்கோ, தாக்குதல் தொடங்கிய பின்னரே அவசரத் திருத்தம் கிட்டியது. இங்கிலாந்து நாட்டின் பொது மருத்துவத் துறையில் ஏறக்குறைய 19,000 நோயாளர்களின் முன்பதிவுகள் இதனால் தவறியிருக்கலாம் என்னும் மதிப்பீட்டைக் குறிப்பிட்ட அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம், அடிப்படையான பாதுகாப்பு முறைகளைக் கைக்கொண்டிருந்தால் இதனைத் தடுத்திருக்கக்கூடும் என்று அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை தந்தது.

மருந்து இருந்தும் நோயாளியின் கைக்கு அது வந்து சேராதது ஏன்? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு பொறியின் முன் அமர்ந்து, திருத்தத்தை ஏற்றி, அமைப்புகளைச் சரிபார்க்க அரைமணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்நூறு பொறிகளுக்கு 250 மணி நேரம் வேண்டும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழைத்தாலும் ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு மேலாகும். இது எல்லாப் பொறிகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் வரும் கணக்கு. அந்நாளையச் சித்தூர் மாவட்டமோ மேற்கே குப்பத்திலிருந்து கிழக்கே சத்தியவேடு வரையில் பரந்து கிடந்தது. அத்தகைய நிலப்பரப்பில் ஊர் ஊராகச் சென்று மேசை மேசையாகத் திருத்துவது நடவாத காரியம். மேசையின் முன் அமர்ந்திருக்கும் எழுத்தரைக் குறை கூறுவதிலும் பயனில்லை. அவருடைய தொழில் கோப்பைப் பார்ப்பதே அன்றிக் கணிப்பொறியைக் காப்பது அன்று.

ஆகையால் தோன்றியதே மைய நிருவாக முறை. விண்டோஸ் பொறிகளில் இம்முறை 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான பதிப்பு முதல் ‘ஆக்டிவ் டைரக்டரி’, ‘குரூப் பாலிசி’ என்னும் பெயர்களால் வழங்கி வருகிறது. ஒரு நிறுவனத்தின் கணிப்பொறிகளும் ஊழியர்களும் ஒரு மரத்தின் கிளைகளைப் போலத் தலைமைப் பொறியில் வரிசைப்படுத்தப்படுகின்றனர். நிருவாகி, மரத்தின் அடியிலோ ஒரு கிளையிலோ ஒரு விதியை எழுதி வைக்கிறார். மேசைக் கணிப்பொறி தான் இயங்கத் தொடங்கும்பொழுதும், ஊழியர் உள்நுழையும்பொழுதும், அதன்பின் ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒரு முறையும் தலைமைப் பொறியை வினவி, தனக்குரிய விதிகளைப் பெற்றுக்கொள்கிறது. எல்லாப் பொறிகளும் ஒரே நொடியில் வந்து நெருக்காதிருக்கும் பொருட்டு, அந்த 90 நிமிடங்களோடு முப்பது நிமிடங்கள் வரையில் ஒரு தாமதமும் சேர்க்கப்படுகிறது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தகைய பிரிவினையில் ஒரு தாசில்தார் அலுவலகம் ஒரு மாவட்டத்தினின்று மற்றொன்றுக்கு மாறுகிறது என்று கொள்வோம். மைய முறை இல்லையேல், அங்குள்ள ஒவ்வொரு பொறியையும் ஒருவர் தொட்டு மாற்ற வேண்டும். மைய முறை இருப்பின், அப்பொறிகளின் பெயர்களை மரத்தின் ஒரு கிளையினின்று எடுத்து மறு கிளையில் வைத்தாற் போதும். அடுத்த முறை இயக்கப்படும்பொழுது அவை புதிய கிளையின் விதிகளை ஏற்று நடக்கும்.

லினக்ஸ் பொறிகளிலும் இதற்கு வழி உண்டு. மத்திய அரசாங்கத்தின் சிடாக் நிறுவனம் தனது சென்னைக் கிளையின் வாயிலாக 2007-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ‘பாஸ்’ லினக்ஸை நேயர்களிற் சிலர் அறிந்திருக்கக் கூடும். லினக்ஸ் வகைகள் பலவற்றில் மேசைத்திரையின் அமைப்புகள் ‘டிகான்ஃப்’ என்னும் களஞ்சியத்தில் சேமிக்கப்படுகின்றன. நிருவாகி அங்கே இரு வகையாக எழுதலாம். ஒன்று, தொடக்க அமைப்பு. ஊழியர் விரும்பினால் அதனை மாற்றிக்கொள்ளலாம். மற்றொன்று, பூட்டிய அமைப்பு. அதனை ஊழியர் மாற்ற இயலாது. எழுதிய அமைப்பை ஒவ்வொரு பொறிக்கும் கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டையும் நிருவாகியே செய்தல் வேண்டும்.

எதைப் பூட்டுவது, எதைப் பூட்டாது விடுவது என்பதே இக்கலையின் உயிர்நிலை. பாதுகாப்புத் திருத்தத்தை ஏற்றுவது ஊழியரின் விருப்பத்துக்கு விடத்தக்கதன்று, அதைப் பூட்டலாம். ஆனால் விசைப்பலகையின் மொழி அத்தகையதா? சித்தூரிலும் திருப்பதியிலும் தெலுங்கும் தமிழும் அருகருகே வழங்குகின்றன. தெலுங்கில் கோப்பு எழுதும் அலுவலகத்துக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் வரக் கூடும். அதற்குத் தமிழிலே விடை எழுத ஊழியர் ஒருவர் முன்வரவுங் கூடும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் முறையில் தெலுங்கின் ககரமும் தமிழின் ககரமும் ஒரே விசையில் அமைந்துள்ளன. ஒன்றைப் பழகியவருக்கு மற்றொன்று எளிது. ஆயினும், தெலுங்கு ஒன்றே இருக்குமாறு நிருவாகி பூட்டிவிட்டால் அவ்வூழியர் செய்வதற்கு ஒன்றுமில்லை. பிற மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். தொலைவில் இருப்பவர் இடும் ஒரு பூட்டு, இங்கிருப்பவரின் எழுத்தையே நிறுத்தக் கூடும்.

இதனினும் பெரிய அபாயம் வேறொன்று உண்டு. நல்ல கட்டளை ஆயிரம் மேசைகளுக்கு விரைந்து செல்வது போலவே தவறான கட்டளையும் விரைந்து செல்லும். 2024 ஜூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்று ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் பொறிகளைச் செயலிழக்கச் செய்தது. இந்திய நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்கு வெளியான அக்கோப்பு 78 நிமிடங்களுக்குள் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்கு நுழைவுச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. கெட்டுப்போன பொறிகளுட் பலவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டே மீட்க வேண்டியிருந்தது. முதலிற் சில பொறிகளுக்கும், பின்னர் மற்றவற்றுக்கும் எனப் படிப்படியாக அனுப்பாமல் ஒருங்கே அனுப்பியதே அவ்வளவு பெருந்தீங்குக்கு இடந்தந்தது. 2017-இல் திருத்தம் சென்று சேராமையால் கேடு விளைந்தது; 2024-இல் பிழை உடனே சென்று சேர்ந்தமையால் கேடு விளைந்தது.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவர் நிருவாகி. எனவே அவருக்கு அளிக்கும் பயிற்சி, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு நின்றுவிடலாகாது. நான்கு பழக்கங்களை அது ஊன்ற வேண்டும். முதலாவது, எண்ணிக்கை அறிதல்: தம் பொறுப்பில் எத்தனை பொறிகள், எவ்வெப் பதிப்பில் உள்ளன என்னும் பட்டியல் கையில் இருத்தல் வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்துவிட்டமையால் இப்பட்டியல் இப்பொழுது மிகவும் இன்றியமையாதது. இரண்டாவது, சோதித்தல்: எந்த விதியையும் முதலில் ஐந்தாறு பொறிகளில் ஏவி, ஓரிரு நாள் பார்த்து, பிறகே கிளைக்கும் மரத்துக்கும் விரித்தல் வேண்டும். மூன்றாவது, சரிபார்த்தல்: விதியை எழுதியதனால் அது சென்று சேர்ந்ததாகாது. எந்தெந்த விதி தன்னை அடைந்தது என ஒவ்வொரு பொறியும் அறிக்கை தரும். அதனைப் படித்தறிதல் வேண்டும். நான்காவது, மீட்டல்: மாற்றத்துக்கு முன் இருந்த நிலையைக் குறித்து வைத்து, வேண்டும்பொழுது அதற்குத் திரும்பப் பழகுதல் வேண்டும்.

இவற்றை உண்மையான அலுவலகப் பொறிகளில் பழக வேண்டுவதில்லை. ஒரே கணிப்பொறிக்குள் பல கற்பனைப் பொறிகளை உண்டாக்கி, அவற்றுள் தலைமைப் பொறி ஒன்றும் மேசைப் பொறிகள் சிலவும் அமைத்து, வேண்டுமென்றே பிழை செய்து, அதனை நீக்கிப் பழகலாம். பயிற்சிக் கூடத்தில் பத்து முறை கெடுத்துச் சீர்செய்தவர் அலுவலகத்தில் பதற்றமின்றிச் செயற்படுவார்.

நேயர்களுள் பலர் வெளி மாநிலங்களின் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் கல்லூரிகளிலும் இத்தொழிலையே மேற்கொண்டிருக்கலாம். பலருடைய மக்கள் இதற்கெனப் படித்து வரலாம். அவர்கள் அடுத்த விதியை எழுதுமுன் இரு வினாக்களை எழுப்பிக்கொள்வது நன்று: இது எந்த மேசைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை? இது பிழையாயின் எத்தனை மேசைகள் ஒருங்கே நின்றுவிடும்? இவ்விரண்டுக்கும் விடை கூற வல்லவரிடம், ஆயிரம் மேசைகளையும் அச்சமின்றி ஒப்படைக்கலாம்.