நான்கு மணி மழையும் தென்துருவக் கடலும்

"மழை வரும்னு சொன்னாங்க, எங்க தாமான்ல ஒரு சொட்டு விழலையே!" அம்பாங்கில் இந்த முணுமுணுப்பு வாடிக்கைதான். கிழக்கே மலை, மேற்கே நகரத்துச் சூடு. இடையில் பிற்பகலில் எழும் இடிமேகம் தோன்றி, கொட்டி, கலைய ஒரு மணி நேரமே போதும். எந்தப் பகுதிக்கு ஆபத்து என்று சொல்லலாம். எந்தத் தெரு நனையும் என்பதை முதல் நாளே சொல்வது இன்றைக்கும் முடியாத காரியம்.

அந்தக் கணிப்பையே தொழிலாகக் கொள்ளலாம் என்று நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. டாக்டர், வழக்கறிஞர், இன்ஜினியர் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக்குள் வெள்ளம் ஏறியதைக் கண்டவர்களுக்கு, சில மணி நேர முன்னறிவிப்பின் மதிப்பு என்னவென்று தெரியும்.

பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் கொண்ட மலேசிய வானிலை ஆய்வுத் துறைக்கு ரேடாரும் செயற்கைக்கோளும் வானில் ஏறும் பலூன்களும்தான் கண்கள். ஆனால் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. கடலையும் பார்க்க வேண்டும். உலகக் கடல்களில் மிதக்கும் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள், பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம்வரை மூழ்கி எழுந்து, வெப்பத்தையும் உப்பையும் அளந்து அனுப்புகின்றன.

துருவக் கடல் நமக்கெதற்கு? அங்கே கடல்நீர் உறையும்போது உப்பை வெளியே தள்ளுகிறது. மிஞ்சிய நீர் கனத்து அடியில் இறங்கி, உலகக் கடல்களின் ஆழத்தில் பரவுகிறது. பூமியின் வெப்பத்தைப் பங்கிடும் நீரோட்டங்களை இயக்குவதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

இது வெள்ளைக்காரர் வேலை என்று ஒதுங்க வேண்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் தேசிய அண்டார்டிகா ஆய்வு மையத்துக்கு இயக்குநராக இருந்த அசிசான் அபு சாமா வானிலையியல் பேராசிரியர். 2011இல் மலேசியா அண்டார்டிகா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமோ, கோவாவின் துருவ ஆய்வு மையத்துடன் இணைந்து, 2014இல் வடதுருவப் பகுதியின் கோங்ஸ்ஃபியோர்டன் கடலில் 'இண்ட்ஆர்க்' என்ற ஆய்வுக்கருவித் தொகுதியை இறக்கியது.

எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைக்கு ஆர்வமிருந்தால் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் விட வேண்டாம். கணினி நிரல் எழுதவும் பழகட்டும். இன்றைய கணிப்பு பெரும்பாலும் அதில்தான் ஓடுகிறது. பட்டத்துக்குப் பிறகு துருவ ஆராய்ச்சிக்குப் போக விரும்புவோருக்கு, சுல்தான் மிசான் அண்டார்டிகா ஆய்வு அறக்கட்டளை ஆய்வு நிதி வழங்குகிறது.