மார்கழிக் குளிரும் கடைப் பூட்டும்

மார்கழி பிறந்துவிட்டால் மளிகை வியாபாரிக்கு விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். கோலப்பொடிக்கும் பாலுக்கும் ஆள் வந்து நிற்கும் நேரத்தில் ஷட்டர் பூட்டு திறக்க மறுத்தால் என்ன ஆகும்? நமக்கே ஒருமுறை நேர்ந்தது. சாவியை அழுத்தித் திருகினோம். பாதி கையோடு வந்தது. பாதி பூட்டுக்குள் நின்றுவிட்டது. பூட்டை அறுத்து எடுப்பதற்குள் அன்றைய காலை வியாபாரம் எதிர்க்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. காரணம் ஐப்பசி மழையில் பூட்டு இறுகியபோது நாமே விட்ட தேங்காய் எண்ணெய்தான்!

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். குளிர்காலத்தில் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கிக் கொடுக்கும் நமக்கு இது தெரியாததல்ல. ஆனால் பூட்டுக்குள் போன எண்ணெயும் அப்படித்தான் உறையும் என்பதை மறந்துவிடுகிறோம். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நம் ஊர்க் குளிரில் உறையாவிட்டாலும், நாள்பட்டால் காற்றுபட்டுப் பிசுபிசுக்கும். கடையில் பறக்கும் மாவுத் தூசியும் மிளகாய்த் தூளும் அதில் ஒட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் லீவரும் ஸ்பிரிங்கும் அசையாது. ஆகவே சமையல் எண்ணெய் எதையும் பூட்டில் விடவேண்டாம்.

பூட்டுக்கு என்ன செய்யலாம்?

பூட்டுக்கு ஏற்றது கிராஃபைட் தூள். ஹார்டுவேர் கடையில் கிடைக்காவிட்டால், மை அதிகம் பிடிக்கும் மென்மையான பென்சிலைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து, பூட்டில் நுழைத்துச் சிலமுறை திருப்பினால் போதும். ஏற்கெனவே எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தொங்கு பூட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்திய பிறகே கிராஃபைட் இடவேண்டும். இந்த வேலையை அடுப்புக்கும் உணவுப் பொருளுக்கும் எட்டத்தில் செய்யவும். தூளையும் எண்ணெயையும் சேர்த்து இட்டால் களிபோல் ஆகிவிடும். எண்ணெய்தான் வேண்டும் என்பவர்கள் தையல் மெஷின் எண்ணெயில் ஓரிரு சொட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரவில் இரும்பு சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் பனிநீர் அதன்மேல்தான் முதலில் படியும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் பூட்டின்மேல் மூடிபோல் தொங்கவிட்டால் சாவித் துவாரத்தில் மழையும் பனியும் இறங்காது. உதகை போன்ற மலையூர்களில் டிசம்பர், ஜனவரி மாத உறைபனியில் பூட்டுக்குள் இருக்கும் ஈரமே கட்டியாகிவிடுவதுண்டு. அப்போது வெந்நீர் ஊற்றக்கூடாது. அந்த நீரும் உள்ளே தங்கி மறுபடி உறையும். சூடான துணியால் பூட்டைச் சற்று நேரம் பொத்திப் பிடித்தால் இளகும். எக்காரணம் கொண்டும் சாவியை முரட்டுத்தனமாகத் திருகவேண்டாம். மாற்றுச் சாவி வெட்டும்போது தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டாமல், பூட்டோடு வந்த முதல் சாவியைப் பார்த்து வெட்டச் சொல்லவும்.

நல்ல பூட்டு பராமரித்தால் நெடுங்காலம் உழைக்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு வைத்திருப்பவர்கள், இறுகிவிட்டது என்று அதைப் பழைய இரும்புக்குப் போடுமுன் விவரம் தெரிந்த பூட்டு ரிப்பேர்க்காரரிடம் ஒருமுறை காட்டலாம்.

ஷட்டரும் மரக்கதவும்

ஷட்டர் ஓடும் பக்கவாட்டுச் சட்டத்தில் கிரீஸ் அப்பினால் தூசிதான் சேரும். உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். மேலே உள்ள ஸ்பிரிங்கை மட்டும் நாமே கழற்றக்கூடாது. முறுக்கேறிய ஸ்பிரிங் தெறித்தால் கை போய்விடும். அதற்கு மெக்கானிக்கை அழைப்பதே நல்லது. உப்பு மூட்டையையும் பிளீச்சிங் பவுடரையும் ஷட்டரை ஒட்டி அடுக்கவேண்டாம். இரண்டும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கும் நம்மில் பலருக்கு வீட்டு மரக்கதவும் கவலைதான். மழை ஈரத்தில் மரம் அகலவாக்கில் உப்பிக் கதவு நிலையில் உரசும். உடனே ஆசாரியை அழைத்து இழைத்துவிட்டால், கோடையில் மரம் சுருங்கும்போது எலி நுழையும் அளவுக்குச் சந்து விழும். இப்போதைக்கு உரசும் இடத்தில் சோப்போ மெழுகோ தேய்த்துச் சமாளிக்கவும். கீலின் திருகாணி தளர்ந்து கதவு இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்கவும். மாசி வெயிலில் மரம் நன்றாகக் காய்ந்தபின்பும் உரசினால் அப்போது இழைக்கலாம். கதவின் அடிவிளிம்புக்கு வர்ணம் பூசாமல் விடுவதே பெரும்பாலும் ஈரம் ஏறக் காரணம். அதையும் அப்போதே பூசிவிடவும்.

இவையெல்லாம் சிறு வேலைகள்தாம். ஆனால் இரவில் கடையில் தீப்பிடித்தால், உள்ளே படுத்திருக்கும் பிள்ளைகளும் வேலையாளும் வெளியே வரவேண்டிய வழி அந்தக் கதவுதான். இறுகிய தாழ்ப்பாள் அன்று வியாபாரத்தை மட்டும் கெடுக்காது. வணிகப் பெருமக்கள் அனைவரும் இந்த வார விடுமுறையிலேயே தங்கள் கடையிலும் வீட்டிலும் உள்ள எல்லாப் பூட்டு, தாழ்ப்பாள்களையும் ஒருமுறை திறந்து மூடிப் பார்க்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.